ஒரு காரும் வராத பாதை

அல் குசைஸ், துபாய்
மே 18

அன்புள்ள தாரிணிக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம் என்று எழுதினால் நீ அதை அப்படியே நம்பமாட்டாய். ஆனாலும் சுகம்தான். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மட்டும்தான்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, அங்கே குளிரா, இங்கே வெயில் என்பதற்கு மேல் போவதில்லை. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்தால் இரண்டு பேரும் போனை வைக்கக் காரணம் தேடுகிறோம். காகிதத்தில் எழுதினால் நான் அழுதாலும் உனக்குக் கேட்காது. அதனால் மேல் வீட்டு இன்ஷாவிடம் கோடு போட்ட தாள் வாங்கி உட்கார்ந்துவிட்டேன். கீழக்கரைக்காரி, தங்கமான பெண். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை நீ ஒரு விஷயம் சொன்னாய். ஜூன் மாதம் லீவு போட்டுவிட்டு, பிரான்ஸில் நீ வேலை பார்க்கிற ஊரிலிருந்து தொடங்குகிற அந்தக் கால்வாய்க்கரைப் பாதையில் சைக்கிளில் போகப்போவதாக. சரவணன் கல்யாணமான நாளிலிருந்து உன்னை அழைத்துப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தானே, அதே பாதையில். நான் பத்திரமாகப் போய் வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தனியாகவா போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. வைத்தபிறகு அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் பால்கனியில் போய் நின்றேன். அவன் அந்தப் பயணத்துக்கென்று ஆசை ஆசையாக வாங்கின தடித்த டயர் சைக்கிள் இன்னும் அங்கேதான் நிற்கிறது. பழைய போர்வையைப் போட்டு மூடியிருக்கிறேன். போர்வையை உதறினால் ஒரு படி மணல் கொட்டுகிறது.

நான் சப்பாத்தி தேய்க்கிற நேரம்தான் அவன் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்று அந்தப் பாதையைப் பற்றிப் பேசுவான். "அம்மா, காலையில கரையில ஏறினா சாயங்காலம் வரைக்கும் பின்னாடி ஒரு கார்கூட வராதும்மா" என்பான். ஆள் இல்லாத ரோட்டில் உனக்கு என்னடா வேலை என்று கேட்பேன். சிரிப்பான். இந்த ஊரிலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறின நாளிலிருந்து ஆறு வரிசைக் கார்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படி ஓர் ஆசை ஏன் வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கடைசியில் பழைய சைக்கிளில் பாலைவனத்து டிராக்குக்குப் போகிற வழியிலேயே, விடிந்தும் விடியாத நேரத்தில், பின்னால் வந்த வண்டி அவனை அடித்துப் போட்டது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ரோட்டில் பிரேக் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். போய்விட்டு வந்து அந்தப் பாதையை எனக்கு எழுது. போட்டோ வேண்டாம். சைக்கிள் போட்டோ வந்தால் மாமா எழுந்து போய்விடுகிறார். எழுத்தாக இருந்தால் நான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். அவன் சொன்னதெல்லாம் நான் பாதிதான் காதில் வாங்கினேன், தாரிணி. மீதியை நீ எழுதினால்தான் எனக்குக் கிடைக்கும்.

வீட்டு விஷயம் ஒன்று. மாமாவுக்கு அக்டோபரோடு வேலை முடிகிறது. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசி காற்று போகிற தகர டக்ட் அடிக்கிற அந்த ஷெட்டுக்கு இளைஞனாக வந்தவர், நரைத்துப்போய் வெளியே வருகிறார். விசா முடிந்தால் நாங்கள் கிளம்ப வேண்டியதுதான். எல்லோரும் ஊருக்குப் போறீங்களா என்று சந்தோஷமாகக் கேட்கிறார்கள். சாத்தூரில் என்ன இருக்கிறது? அவன் அங்கே இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பாதி லீவு படுத்தே கிடப்பான். அவன் நடந்த இடம், விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட இடம், பரீட்சை முடிந்து ஐஸ்கிரீம் வாங்கித் தின்ற கடை எல்லாம் இந்த அல் குசைஸில்தான். முப்பது வருஷம் இருந்தாலும் இது நம் ஊர் இல்லை என்று ஒரு நாள் சொல்லிவிடுவார்கள். அது தெரிந்துதான் வந்தோம். ஆனால் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.

மதுரையிலிருந்து உன் அம்மா பேசினார்கள். உன்னைப் பற்றித்தான். நீங்கள் சொன்னால் கேட்பாள், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். என்ன சொல்லச் சொல்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கவசம் இல்லாமல் ஏறாதே. ஆண்டாள் துணையிருப்பாள்.

உன் அத்தை
சுசீலா


நாந்த், பிரான்ஸ்
ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

தாரிணி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரப் பெண், அரபு எழுத்து ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு எந்த நாடு என்று கேட்டாள். அதை நான்கு தடவை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

அத்தை, அது நிஜமாகவே இருக்கிறது. நானும் அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நாந்த் நகரத்தை விட்டு ஆற்றோரமாகப் போனால் கொஞ்ச நேரத்தில் கால்வாய் தொடங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் கரையில் குதிரைகளை நடக்கவிட்டுக் கயிறு கட்டிப் படகு இழுப்பார்களாம். குதிரைகள் நடந்த வழிதான் இப்போது சைக்கிள் பாதை. தார் கிடையாது. பொடிச் சரளையைக் கொட்டி அமுக்கியிருக்கிறார்கள். அதன்மேல் டயர் ஓடுகிற சத்தம், நீங்கள் வாணலியில் ரவை வறுப்பீர்களே, அந்தச் சத்தம். இடது பக்கம் பச்சைத் தண்ணீர். வலது பக்கம் மரங்கள். அதற்கு அப்பால் மாடுகள் படுத்திருக்கிற புல்வெளி. கார் வர வழியே இல்லை. வரக்கூடாது என்று நுழைவிலேயே மரக்கட்டை நட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் எனக்கு ஓட்டவே தெரியவில்லை. கார் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, முதுகுக்குத் தெரியவில்லை. ஓரமாக ஒட்டிக்கொண்டே போனேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஓர் இலை புரண்டால்கூட உடம்பு விறைத்துக்கொண்டது. ராத்திரி தங்கின இடத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, அத்தனை வலி. மறுநாள் மத்தியானம் ஒரு பாலத்தடியில் நின்று தண்ணீர் குடிக்கும்போதுதான், வெகு நேரமாக நான் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. அங்கேயே சைக்கிளைக் கிடத்திவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இதைத்தான் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு அவ்வளவு நாள் புரியவில்லை.

வழியில் சின்னச் சின்ன ஊர்கள். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். மத்தியானம் ரொட்டிக் கடையும் சாத்திவிடுவார்கள். தெரியாமல் ஒரு நாள் பிஸ்கட்டோடு ஓட்டினேன். எதிரே யாராவது வந்தால் தெரியாதவர்களாக இருந்தாலும் வணக்கம் சொல்கிறார்கள். நாரை ஒன்று கரையில் நிற்கும். கிட்டே போனதும் எழும்பி, கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி வழியிலேயே இறங்கும். ஒரு காலைப்பொழுது முழுக்க அது எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

மாமாவுக்கு ஒன்று எழுத வேண்டும். இந்தக் கால்வாய் மேட்டில் ஏறி இறங்குகிறது. தண்ணீர் எப்படி மேட்டில் ஏறும் என்று நான் விழித்தேன். வழி நெடுக மதகுகள் வைத்திருக்கிறார்கள். படகு உள்ளே வந்ததும் பின்பக்கக் கதவைச் சாத்திவிட்டு, முன்பக்கக் கதவில் ஒரு சின்னத் திறப்பைக் கைப்பிடி சுற்றித் திறக்கிறார்கள். மேலே இருக்கிற தண்ணீர் மெல்ல உள்ளே நிறைகிறது. படகு தானாக உயர்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம் ஆனதும் கதவு தானே லேசாகிவிடுகிறது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு பெண் இடுப்பால் தள்ளித் திறந்தாள். மாமா பார்த்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டார்.

அப்படி ஒரு மதகுக்குப் பக்கத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. மதகைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கரையிலேயே வீடு உண்டு. அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் நாங்கள் ஒதுங்கி நின்றோம். மதகைப் பார்த்துக்கொள்கிற பெண் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். மதுரை என்று சொல்ல வாயெடுத்து, துபாய் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜோஸ்லான் என்ற ஊரில் கால்வாயின் மேலேயே ஒரு கோட்டை நிற்கிறது. அவர் தன் லேப்டாப்பில் படமாக வைத்திருந்தாரே, மூன்று கூம்புக் கோபுரம், அதே கோட்டை. சாயங்காலம் காற்று நின்று தண்ணீரில் கோபுரம் தலைகீழாக விழுந்திருந்தது. வந்துவிட்டேன் என்று அவரிடம் சத்தமாகச் சொன்னேன். தமிழில் சொன்னதால் யாருக்கும் புரியவில்லை. அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை, அத்தை. பசிதான் வந்தது. அதற்காக அப்புறம் அழுதேன்.

கடைசிவரை போகவில்லை. பாதி வழியில் ஒரு பெரிய அணை கட்டியிருக்கிறார்கள். கால்வாய் அங்கே அறுந்துபோகிறது. பாதை மட்டும் பழைய ரயில் தடத்தின் மேல் காட்டு வழியாகச் சுற்றிப்போய், அப்பால் மறுபடி கால்வாயைப் பிடிக்கிறதாம். லீவு இருந்தது, கால் வலியும் இல்லை. ஆனால் அதுவும் முடிந்துவிட்டால் அப்புறம் அவரோடு போக எனக்கு ஒரு பாதையும் இருக்காது என்று தோன்றியது. ரயில் ஏறித் திரும்பிவிட்டேன்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வாரமாவது நான் துபாய்க்கு வந்து உங்களோடு இருக்க வேண்டும். அந்த வீட்டைக் காலி செய்யும்போது நான் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்
தாரிணி


அல் குசைஸ், துபாய்
ஆகஸ்ட் 20

அன்புள்ள தாரிணிக்கு,

அத்தையின் ஆசிகள். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வெயிலையும் வீட்டு வேலையையும் காரணம் சொல்லலாம். கார்கோவுக்கு அட்டைப்பெட்டி கட்டத் தொடங்கிவிட்டோம், அது உண்மைதான். ஆனால் அதனால் இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமை உன் போனையும் நான் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று அப்புறம் சொன்னேன். நீ நம்பின மாதிரி காட்டிக்கொண்டாய்.

உன் கடிதத்தை மாமா ஆபீஸ் தபால்பெட்டியிலிருந்து எடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்தபிறகுதான் கொடுத்தார். படிக்கச் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. டிவியைச் சத்தம் இல்லாமல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். நான் படித்தேன். ரவை வறுக்கிற சத்தம் என்று படித்தபோது எனக்கே படிப்பது நின்றுவிட்டது. அவர் அசையவில்லை. மதகைப் பற்றி வந்ததும் தலையைத் திருப்பி, திருப்பிப் படி என்றார். அதை மூன்று தரம் படிக்க வைத்தார். பிறகு இரண்டு டம்ளரை எடுத்துவைத்து, தண்ணீரை ஊற்றி, இந்தப் பக்கம் பிரஷர், அந்தப் பக்கம் பிரஷர், சமமானால் கதவு லேசாகிவிடும் என்று எனக்கு விளக்கினார். மேசை பூராவும் தண்ணீர். இரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் பார்க்கவில்லை.

அப்படியே மழை பெய்த இடத்துக்கு வந்தேன். "நாங்கள் ஒதுங்கி நின்றோம்" என்று எழுதியிருந்தாய். நான் "நான் ஒதுங்கி நின்றேன்" என்று படித்துவிட்டுப் போய்விட்டேன்.

கடிதம் முழுக்க நான், நான் என்று எழுதிக்கொண்டே வந்தவள் அந்த ஓர் இடத்தில் உன்னை அறியாமல் விட்டுவிட்டாய். எனக்கு வலித்தது, தாரிணி. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளை போக ஆசைப்பட்ட வழியில் வேறு யாரோ நனைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தோழியாக இருக்கலாமே என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. தோழியாக இருந்தால் பெயரைச் சொல்லி எழுதியிருப்பாய் என்று மறு பக்கம் சொன்னது. இப்படியே சில நாள்.

ஒரு நாள் இன்ஷா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை.

"நீ ஒரு வார்த்தைய மாத்திப் படிச்சிருக்க" என்றார்.

கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன், உன்மேலா என்மேலா என்றுதான் தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"அவன் ஆசைப்பட்டது அந்த ரோட்ட, சுசீலா. அந்தப் பொண்ணு அதுல ஒத்தையில போகணும்னு அவன் எப்ப ஆசைப்பட்டான்?"

அவ்வளவுதான். எழுந்து பால்கனிக்குப் போய்ப் போர்வையை எடுத்தார். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் காற்றடிக்கிற பம்ப் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே, பாலைவனத்தில் அவன் ஓட்டப் போகிற அந்த அல் குத்ரா டிராக்குக்குப் போக வேண்டும் என்றார். காலைத் தொழுகை முடிந்ததும் இன்ஷா காரை எடுத்தாள். சைக்கிளை மடக்கிப் பின்னால் போட முடியாமல் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்தோம். அவன் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்ஷா அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒற்றைக் கையால் ஓட்டினாள். மாமா நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமா சைக்கிள் ஓட்டி நான் சாத்தூரில் கல்யாணமான புதிதில் பார்த்ததுதான். சீட்டை முழுக்கக் கீழே இறக்கியும் கால் எட்டி எட்டித்தான் மிதித்தார். வேண்டாம், இந்த வயசில் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று நான் கத்தினேன். அவர் திரும்பவில்லை. தார் டிராக்கை விட்டு, மணலில் சரளை போட்ட தடம் ஒன்று பிரிகிறது, அதில் இறங்கினார். கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போனார். அப்புறம் நேராகிவிட்டது. சட்டை முதுகில் உப்பிக்கொண்டு, சின்னதாகி, ஒரு மேட்டுக்கு அப்பால் காணாமல் போனார்.

அந்தப் பாலைவனத்தில் நானும் இன்ஷாவும் நின்றோம். எனக்கு வழக்கம்போல் காது ரோட்டுப் பக்கம் போய்விட்டது, ஏதாவது வண்டிச் சத்தம் வருகிறதா என்று. ஒன்றும் வரவில்லை. தூரத்தில் ஏதோ ஒரு பறவை கூப்பிட்டது. காற்று மணலை இழுத்துக்கொண்டு போகிற சத்தம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, இங்கே இப்படி ஓர் அமைதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வா, வா என்று அவன் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான். வெயில், மணல் என்று சொல்லிப் போகாமலே இருந்துவிட்டேன்.

வெயில் ஏறினபிறகுதான் திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "இதுக்குத்தான் ஓடி ஓடி வந்திருக்கான்" என்றார். இன்ஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவனைப் பற்றிப் பேசினோம். அவன் சின்ன வயசில் செய்த சேட்டையைச் சொல்லி மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தது தப்பு மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது. நீ கோட்டைக்கு முன்னால் பசித்தது என்று எழுதியிருந்தாயே, அதுதான் இது என்று புரிந்தது.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், இப்போது அதைக் கார்கோவில் சாத்தூருக்கு அனுப்பப் போகிறார். வைப்பாற்றங்கரையில் ஓட்டுவாராம். ஆற்றில் தண்ணீர் கிடையாது, கரையில் முள்தான் கிடக்கும், டயர் பஞ்சராகும் என்று சொன்னேன். பஞ்சர் ஒட்டிக்கொள்கிறேன் என்கிறார்.

மதுரைக்கு நானே போன் செய்தேன். உன் அம்மாவிடம், உங்கள் பெண்ணை அவசரப்படுத்தாதீர்கள், அவளுக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர்கள் அழுதார்கள். நானும்தான். இந்தத் தடவை பால் என்று சொல்லி வைக்கவில்லை.

தாரிணி, மருமகளாக வந்தவளை மகளாக்கிக்கொண்டேன் என்று சினிமாவில் பேசுகிற மாதிரி எனக்கு எழுத வராது. நான் உனக்கு அத்தை. நீ எங்கே எப்படி இருந்தாலும் அத்தைதான். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீயும் கேட்காதே. அணைக்கு அப்பால் பாதை காட்டு வழியாகச் சுற்றிப்போய் மறுபடி கால்வாயைப் பிடிக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை அங்கேயே பாதியில் விட்டுவைக்காதே. இலை உதிர்வதற்குள் ஒரு லீவு போடு. முடிந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இருக்காது என்று நினைக்காதே. எனக்கு அவன் சமையல்கட்டு வாசலில் நிற்கிறான். இந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபிறகும் அவன் எந்தச் சமையல்கட்டானாலும் வந்து நிற்பான் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் வா. கடைசிப் பெட்டியை நீ வந்த பிறகுதான் கட்டுவேன். துபாயில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். மொட்டை மாடியில் இன்ஷாவும் நானும் வற்றல் போட்டு வைத்திருக்கிறோம், எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு பங்காகத்தான் கட்டி வைத்திருக்கிறேன். காரம் குறைவாகப் போட்ட பொட்டலம் தனி.

நல்லா இரு, அம்மா. மழையில் நனைந்துவிட்டு ஈரத்தலையோடு நிற்காதே. அவரையும் நிற்க விடாதே. அவர் பெயர் என்ன என்று எழுது. எங்கள் வாயில் நுழையாத பெயராக இருந்தாலும் பரவாயில்லை, தமிழ் எழுத்தில் எழுது. மாமாவும் நானும் சொல்லிப் பழகிக்கொள்கிறோம்.

உன் அத்தை
சுசீலா